பதினொரு ஃபண்டுகள், பதினாறு ஆண்டுகள்: ஓய்வுக்காலத்திற்கு எவற்றை வைத்துக்கொள்வது?

சூலூர்க்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோவைக்கு அருகே பம்பு தயாரிக்கும் தனியார் நிறுவனம் ஒன்றின் கொள்முதல் பிரிவில் பணிபுரிகிறேன். வயது 44. அறுபது வயது வரை வேலையில் இருப்பேன் என்று வைத்துக்கொண்டால் இன்னும் பதினாறு ஆண்டுகள் உள்ளன. வீட்டுக் கடனுக்கு மாதம் 18,000 ரூபாய் தவணை செல்கிறது. அது ஆறு ஆண்டுகளில் முடிந்துவிடும். தவணையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் குடும்பச் செலவு மாதம் 45,000 ரூபாய். மகளின் கல்லூரிப் படிப்பிற்கெனத் தனியாக ஒரு சேமிப்பு இருப்பதால் அதை இங்கே சேர்க்கவில்லை.

வருங்கால வைப்பு நிதியில் 16 லட்சம் ரூபாய் உள்ளது. அடிப்படைச் சம்பளம் 35,000 ரூபாய். மியூச்சுவல் ஃபண்டுகளில் ஏறத்தாழ 14 லட்சம் இருக்கிறது. அதில் நான் போட்டது 9 லட்சம், மீதி வளர்ச்சி. மாதந்தோறும் தானாக முதலீடாகும் எஸ்.ஐ.பி. முறையில் 15,000 ரூபாய் செல்கிறது. ஆனால் அந்தப் பதினைந்தாயிரம் பதினொரு ஃபண்டுகளாகப் பிரிந்து செல்கிறது: வரிச் சேமிப்புக்கான இ.எல்.எஸ்.எஸ். மூன்று, பெரிய நிறுவனங்களின் பங்குகளை வாங்கும் லார்ஜ் கேப் இரண்டு, எல்லா அளவு நிறுவனங்களையும் வாங்கும் ஃபிளெக்சி கேப் ஒன்று, நடுத்தர நிறுவனங்களுக்கான மிட் கேப் இரண்டு, சிறியவற்றுக்கான ஸ்மால் கேப் இரண்டு, உள்கட்டமைப்புத் துறை ஃபண்டு ஒன்று. ஒவ்வொரு ஆண்டும் வரிக் கணக்கு நேரத்தில் யாராவது ஒருவர் பரிந்துரைத்ததைத் தொடங்கியதால் வந்த நிலை இது. அனைத்தும் வங்கி வழியாக வாங்கிய, விற்பவருக்குக் கழிவு போகும் ரெகுலர் திட்டங்கள்.

இவற்றில் எந்த மூன்றை வைத்துக்கொள்ளலாம், எவற்றை விட்டுவிடலாம் என்று பெரியவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

வைகைக்கணக்கு எழுதியது:

எந்த மூன்று என்ற கேள்விக்கு விடை சொல்லப் பலர் வருவார்கள். அதற்கு முன்னால், பதினாறு ஆண்டுகள் கழித்து உங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்ற கணக்கைப் போட்டுவிடுவோம். அந்தத் தொகை தெரியாமல் எந்த ஃபண்டையும் நல்லது, கெட்டது என்று சொல்ல இயலாது.

விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் உயர்கிறது என்று வைத்துக்கொள்வோம். இது அனுமானமே, ஆனால் மருத்துவத்தையும் கல்வியையும் நினைத்தால் இதற்குக் கீழே வைப்பது துணிச்சல். இன்றைய 45,000 ரூபாய் பதினாறு ஆண்டுகளில் ஏறத்தாழ 1,14,000 ரூபாயாகிறது. ஆண்டுக்கு 13.7 லட்சம். ஓய்வு பெற்ற முதல் ஆண்டில் சேமிப்பின் 4 சதவீதத்தை எடுத்துக்கொண்டு, பிறகு விலைவாசிக்கு ஏற்ப அதை உயர்த்திக்கொண்டே போகலாம் என்பது 1994இல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க ஆலோசகர் அந்நாட்டுச் சந்தை விவரங்களை வைத்து முப்பது ஆண்டு ஓய்வுக்காலத்திற்குச் சொன்ன கணக்கு. நம் நாட்டின் விலைவாசிக்கு அது சற்றுத் தாராளம் என்று கருதி மூன்றரை சதவீதத்தை எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. நான்கு என்றால் உங்களுக்குத் தேவை 3.4 கோடி, மூன்றரை என்றால் 3.9 கோடி.

இப்போது நீங்கள் செல்லும் வழியில் என்ன சேரும் என்று பார்ப்போம். வைப்பு நிதியில் இருக்கும் 16 லட்சம், 8 சதவீதத்தில் ஏறத்தாழ 55 லட்சமாகும். உங்கள் பங்கு 4,200 ரூபாய்; நிறுவனத்தின் பங்கிலிருந்து ஓய்வூதியத் திட்டத்திற்கு 1,250 ரூபாய் போக மிஞ்சுவது 2,950 ரூபாய்; ஆக மாதம் 7,150 ரூபாய், சம்பள உயர்வே இல்லை என்று கொண்டாலும், 28 லட்சத்தை நெருங்கும். ஃபண்டுகளில் உள்ள 14 லட்சம் 10 சதவீதத்தில் 64 லட்சமாகும். மாதம் 15,000 ரூபாய் எஸ்.ஐ.பி. அதே 10 சதவீதத்தில் 70 லட்சத்தைச் சற்றுத் தாண்டும். கூட்டினால் ஏறத்தாழ 2.17 கோடி. தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்திலிருந்து வருவது, அதன் கணக்கிடும் சம்பள வரம்பு 15,000 ரூபாயாக இருக்கும் வரை, மாதம் ஆறாயிரம் ஏழாயிரம் என்ற அளவைத் தாண்டுவது அரிது; பதினாறு ஆண்டுகள் கழித்து அது மின் கட்டணத்திற்குப் போதுமானதாக இருக்கலாம்.

ஆகவே உங்கள் குறை 1.25 கோடி முதல் 1.75 கோடி வரை. மிகச் சிறந்த மூன்று ஃபண்டுகளை எப்படியோ கண்டுபிடித்துவிட்டாலும் இந்தக் குறை தீராது. ஆனால் இரண்டு காரியங்கள் இதைப் பெருமளவு அடைக்கும். எஸ்.ஐ.பி. தொகையை ஆண்டுதோறும் 10 சதவீதம் உயர்த்தினால் அந்த 70 லட்சம் 1.3 கோடியாகும். ஆறு ஆண்டுகளில் வீட்டுக் கடன் முடிந்ததும் அந்த 18,000 ரூபாயை அப்படியே முதலீட்டிற்குத் திருப்பினால், பத்து ஆண்டுகளில் அது 37 லட்சம். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 96 லட்சத்தைக் கூட்டுகின்றன. அடிப்படைச் சம்பளம் உயர்ந்தால் வைப்பு நிதியும் கூடும் என்பதால், 3.4 கோடியின் அருகே வந்துவிடுவீர்கள்.

சம்பள உயர்வு ஆண்டுக்குப் பத்து சதவீதம் வராதே என்று கேட்பீர்கள். உண்மைதான். எல்லா ஆண்டுகளிலும் இயலாது. மகள் கல்லூரியில் சேரும் ஆண்டில் பூச்சியமாகக்கூட இருக்கட்டும். ஆனால் உயர்த்தும் பழக்கம் வேண்டும்.

எளியமுதலீடு எழுதியது:

வைகைக்கணக்கு அவர்கள் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். இனி ஃபண்டு விஷயத்திற்கு வருகிறேன்.

2017 அக்டோபரில் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையமான செபி கொண்டுவந்த வகைப்படுத்தலின்படி, சந்தை மதிப்பில் முதல் நூறு இடங்களில் உள்ள நிறுவனங்கள் லார்ஜ் கேப். லார்ஜ் கேப் ஃபண்டு தன் பணத்தில் குறைந்தது 80 சதவீதத்தை இவற்றில்தான் போட வேண்டும். 101 முதல் 250 வரை மிட் கேப். அதற்குக் கீழே ஸ்மால் கேப். உங்களிடம் உள்ள லார்ஜ் கேப் இரண்டையும், இ.எல்.எஸ்.எஸ். மூன்றையும், ஃபிளெக்சி கேப் ஒன்றையும் எடுத்து, மாதாந்திர விவர அறிக்கையில் முதல் பத்துப் பங்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே பெரிய வங்கிகள், அதே மென்பொருள் நிறுவனங்கள், அதே எண்ணெய் நிறுவனம். ஒரே மூட்டை அரிசியை ஆறு கடைகளில் பிரித்து வாங்கி ஒவ்வொரு கடைக்கும் தனித்தனியாகக் கூலி கொடுப்பது போன்றது இது. ஆறையும் சேர்த்துப் பார்த்தால், ஐம்பது பெரிய நிறுவனங்களைக் கொண்ட நிஃப்டி குறியீட்டைச் சற்று மாற்றி எழுதியது போல் இருக்கும்; ஆனால் செலவு மட்டும், அந்தக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் குறியீட்டு ஃபண்டைவிடப் பல மடங்கு.

செலவு என்று சொன்னேன் அல்லவா, அதுதான் நம் கையில் இருக்கும் ஒரே எண். அடுத்த பத்து ஆண்டுகளில் எந்த நிதி மேலாளர் சிறப்பாகச் செயல்படுவார் என்று எவராலும் சொல்ல இயலாது. ஆனால் எந்த ஃபண்டின் செலவு விகிதம், அதாவது ஆண்டுதோறும் நம் பணத்திலிருந்து கழிக்கப்படும் பங்கு, எவ்வளவு என்பது இன்றே தெரியும். 2013 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு ஃபண்டு நிறுவனமும் முகவர் கழிவு இல்லாத டைரக்ட் திட்டத்தைத் தனியாக வழங்க வேண்டும் என்பது விதி. அதே மேலாளர், அதே பங்குகள். ஆனால் செலவு குறைவு. ரெகுலருக்கும் டைரக்டிற்கும் இடையே ஆண்டுக்கு ஒரு சதவீத வேறுபாடு இருப்பதாகக் கொண்டால், மேலே போட்ட கணக்கில் 10க்குப் பதில் 11 சதவீதம் என்று மாற்றிப் பாருங்கள். எஸ்.ஐ.பி.யில் 7 லட்சத்திற்கு மேல், ஏற்கெனவே உள்ள 14 லட்சத்தில் 10 லட்சம், ஆக 17 லட்சம் ரூபாய்க்கு மேல் வேறுபாடு வருகிறது. நீங்கள் இன்றுவரை ஃபண்டில் போட்ட மொத்தத் தொகை 9 லட்சம் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

லார்ஜ் கேப் பிரிவில், பத்து ஆண்டுக் காலத்தை எடுத்துக்கொண்டால், மேலாளர் தேர்ந்தெடுக்கும் ஃபண்டுகளில் பெரும்பான்மை குறியீட்டைவிடப் பின்தங்கியே உள்ளன என்று இது பற்றி வெளிவரும் ஒப்பீட்டு அறிக்கைகள் தொடர்ந்து காட்டுகின்றன. மிட், ஸ்மால் கேப் பிரிவுகளில் நிலைமை அவ்வளவு தெளிவாக இல்லை; அங்கே மேலாளரின் திறமைக்கு இன்னும் இடம் உண்டு. ஆகவே என் பரிந்துரை: ஒரு நிஃப்டி 50 குறியீட்டு ஃபண்டு, ஒரு ஃபிளெக்சி கேப் அல்லது அடுத்த ஐம்பது நிறுவனங்களைப் பின்பற்றும் நிஃப்டி நெக்ஸ்ட் 50 ஃபண்டு, விருப்பமிருந்தால் ஒரு மிட் கேப். எல்லாம் டைரக்ட். உள்கட்டமைப்பு ஃபண்டை விட்டுவிடுங்கள். ஒரு துறை எப்போது உயரும், எப்போது விழும் என்று கணிப்பது நம் வேலை அன்று.

ஸ்மால் கேப் குறித்து ஒரு சொல். 2024 மார்ச் முதல் மிட் கேப், ஸ்மால் கேப் ஃபண்டுகள் தம்மிடம் உள்ள பங்குகளில் கால் பங்கையும் பாதியையும் விற்க எத்தனை நாட்கள் ஆகும் என்ற விவரத்தை வெளியிடுகின்றன. பெரிதாக வளர்ந்துவிட்ட ஸ்மால் கேப் ஃபண்டுகளில் அந்த நாட்களின் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு, இரண்டு தேவையா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

சேலம்_விநியோகஸ்தர் எழுதியது:

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்: நான் ஃபண்டு நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியில் பதிவு பெற்ற மியூச்சுவல் ஃபண்டு விநியோகஸ்தர். ரெகுலர் திட்டத்தில் வரும் கழிவுதான் என் வருமானம். ஆகவே நான் சொல்வதை அந்தக் கண்ணோடு படித்துக்கொள்ளுங்கள்.

ஒரு சதவீதத்தைப் பதினாறு ஆண்டுகளுக்குக் கூட்டிக்காட்டுவது எளிது, கணக்கும் சரியே. ஆனால் அந்தக் கணக்கு, முதலீட்டாளர் பதினாறு ஆண்டுகளும் அசையாமல் இருப்பார் என்று எடுத்துக்கொள்கிறது. 2020 மார்ச் மாதத்தில் என் அலைபேசி ஓயவில்லை. ஜனவரி நடுவில் 12,300க்கு மேல் இருந்த நிஃப்டி, மார்ச் 23 அன்று 7,610க்கு வந்து நின்றது. எல்லோரும் எஸ்.ஐ.பி.யை நிறுத்தச் சொன்னார்கள். பலர் முழுவதையும் விற்கச் சொன்னார்கள். பேசிப் பேசித் தடுத்தேன். அந்த நவம்பர் மாதத்தில் சந்தை பழைய உயரத்தைத் தாண்டியது. மார்ச்சில் விற்றுவிட்டு வெளியேறியவர் இழந்தது மூன்றில் ஒரு பங்கிற்கு மேல். அது எத்தனை ஆண்டுக் கழிவுக்குச் சமம் என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

அதே வேளையில், இந்த நண்பருக்கு நேர்ந்தது சேவையன்று என்பதையும் நான் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரே மனிதருக்கு மூன்று இ.எல்.எஸ்.எஸ். எதற்கு? ஒவ்வொரு மார்ச் மாதமும் புதிதாக ஒன்றைத் தொடங்க வைப்பவர் ஆலோசகர் ஆகமாட்டார். கழிவு வாங்குபவரிடம் ஆண்டுக்கு ஒருமுறையாவது உங்கள் முழுப் பட்டியலையும் வைத்துக்கொண்டு உட்காருகிறாரா என்று கேளுங்கள். உட்காரவில்லை என்றால், எளியமுதலீடு சொன்னபடி டைரக்டிற்கு மாறுவதே முறை.

எளியமுதலீடு எழுதியது:

நேர்மையாக எழுதியதற்கு நன்றி ஐயா. கைப்பிடித்து நிறுத்த ஓர் ஆள் தேவை என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதற்கான விலை, சேமிப்பு பெருகப் பெருகத் தானாகப் பெருக வேண்டுமா என்பதே கேள்வி. 14 லட்சத்திற்கு ஒரு சதவீதம் என்பது 14,000 ரூபாய். 2 கோடிக்கு அது 2 லட்சம் ரூபாய். பேசித் தடுக்கும் வேலை இரண்டிலும் ஒன்றுதான். 2013இல் வந்த விதிமுறைகளின் கீழ் செபியிடம் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அவர்களில் நிலையான கட்டணம் வாங்குபவரிடம் ஆண்டுக்கு ஒருமுறை சென்று வருவது, டைரக்டில் இருந்துகொண்டே கைப்பிடியையும் பெறும் வழி. தமிழ்நாட்டில் அவர்களின் எண்ணிக்கை குறைவு என்பதுதான் குறை.

காணிநிலம் எழுதியது:

இத்தனை கணக்கும் சந்தை 10 சதவீதம் தரும் என்ற ஒரே நம்பிக்கையின் மேல் நிற்கிறது. யூனிட் டிரஸ்ட் 1964இல் தொடங்கிய யூனிட் 64 திட்டத்தை, அரசே நடத்துவது என்று நம்பி நம் வீடுகளில் எத்தனை பேர் ஓய்வுப் பணத்தைப் போட்டார்கள்? 2001 ஜூலையில் ஒரே அறிவிப்பில் பணத்தைத் திரும்ப எடுப்பதையே நிறுத்தி வைத்தார்கள். 2020 ஏப்ரலில் ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் ஆறு கடன் பத்திர ஃபண்டுகளை மூடியது. சூலூரில் இருப்பவருக்கு நான் சொல்வது, வீட்டுக் கடன் முடிந்ததும் நான்கு சென்ட் மனை வாங்கிப் போடுங்கள்.

வைகைக்கணக்கு எழுதியது:

இரண்டும் நடந்தவையே. யூனிட் 64, தன்னிடம் உள்ள பங்குகளின் சந்தை மதிப்போடு தொடர்பில்லாத ஒரு விலையைத் தானே அறிவித்து வந்ததால் விழுந்தது. இன்று ஒவ்வொரு ஃபண்டும் தன் நிகர மதிப்பை நாள்தோறும் வெளியிட்டாக வேண்டும். மூடப்பட்ட அந்தக் கடன் பத்திர ஃபண்டுகள், கூடுதல் வட்டிக்காகத் தரம் குறைந்த பத்திரங்களை வைத்திருந்தன. பணம் பின்னர் படிப்படியாகத் திரும்பி வந்தது என்றாலும், மாதச் செலவுக்கு அதை நம்பியிருந்தவருக்கு அந்தக் காத்திருப்பு கொடுமை. இதிலிருந்து நான் கற்பது, கடன் பத்திர ஃபண்டில் கூடுதல் வருமானத்தைத் தேடக் கூடாது என்பது. அதுவும் 2023 ஏப்ரலுக்குப் பின் வாங்கிய கடன் பத்திர ஃபண்டுகளின் ஆதாயத்திற்கு வருமான வரி அடுக்கின்படியே வரி என்றான பிறகு, சம்பளக்காரருக்கு வைப்பு நிதியிலேயே தாமாகக் கூடுதலாகச் செலுத்தும் வி.பி.எஃப். போதும், தொழிலாளியின் பங்கு ஆண்டுக்கு இரண்டரை லட்சத்திற்குள் இருக்கும் வரை அதன் வட்டிக்கு வரி இல்லை.

மனை குறித்து: மாதம் ஒரு லட்சம் தேவைப்படும் ஓய்வாளர் மனையின் மூலையில் கால் சென்ட்டை மட்டும் விற்க இயலாது. எனக்கு அதில் உள்ள தயக்கம் அவ்வளவே.

பின்னலாடை எழுதியது:

திருப்பூரில் சிறிய அளவில் பின்னலாடை வேலை எடுத்துச் செய்கிறேன். வயது 39. சம்பளக்காரர்களின் இந்த விவாதத்தில், வைப்பு நிதியே இல்லாத என்னைப் போன்றவர்களின் நிலையையும் சேர்த்துப் பேச வேண்டும் என்று தோன்றியது.

எங்களுக்குப் பணம் மாதத்தின் ஐந்தாம் தேதி வருவதில்லை. சரக்கு கப்பல் ஏறி, பணம் வந்து சேர எப்போது வேண்டுமானாலும் ஆகலாம். சில மாதங்களில் கூலி கொடுக்கவே கடன் வாங்க வேண்டியிருக்கும். எஸ்.ஐ.பி. தேதியில் கணக்கில் இருப்பு இல்லாமல் வங்கி அபராதம் பிடித்த அனுபவம் எங்கள் தெருவில் எல்லோருக்கும் உண்டு. ஆகவே நான் சிறிய எஸ்.ஐ.பி. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, பணம் வரும்போது அதே குறியீட்டு ஃபண்டில் மொத்தமாகப் போடுகிறேன். பொது வருங்கால வைப்பு நிதியில் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் வரை எப்போது வேண்டுமானாலும் போடலாம் என்பதும், தொழில் முடங்கிக் கடன்காரர் நீதிமன்றம் சென்றாலும் அந்தக் கணக்கைப் பற்றுகை செய்ய இயலாது என்பதும் தொழில் செய்பவர்களுக்குப் பெரிய பாதுகாப்பு. 2020 ஏப்ரல் முதல் வட்டி 7.1 சதவீதத்திலேயே நிற்கிறது என்பதுதான் வருத்தம்.

ஏலச்சீட்டும் போடுகிறேன். இங்கே அது முதலீடு அன்று. நூல் வாங்கத் திடீரென்று பணம் தேவைப்பட்டால் தள்ளி எடுக்கும் கடன் வசதி. அதை ஓய்வுக்காலச் சேமிப்பு என்று எண்ணிக்கொண்டிருக்கும் பெண்கள் பலர் இருக்கிறார்கள். பதிவு செய்யப்படாத சீட்டாக இருந்தால் அந்த எண்ணம் ஆபத்தானது.

என் கேள்வி தேசிய ஓய்வூதியத் திட்டமான என்.பி.எஸ். பற்றியது. செலவு மிகக் குறைவு என்கிறார்கள். ஆனால் முடிவில் ஒரு பகுதியைக் கொண்டு கட்டாயமாக ஓய்வூதியப் பத்திரம் வாங்க வேண்டும் என்பது தயக்கமாக இருக்கிறது.

வைகைக்கணக்கு எழுதியது:

அம்மா, அந்தத் தயக்கத்திற்குக் காரணம் உண்டு. 2009 மே மாதம் எல்லாக் குடிமக்களுக்கும் திறந்துவிடப்பட்டது முதல் நெடுங்காலம் அந்தக் கட்டாயப் பகுதி 40 சதவீதமாக இருந்தது. அரசு சாராதவர்களுக்கு 2025 டிசம்பரில் அது 20 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. எடுக்கும் தொகையில் எவ்வளவுக்கு வரிவிலக்கு என்பது தனி விதி. எடுக்கும் ஆண்டில் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓய்வூதியப் பத்திரத்தின் குறை, வாழ்நாள் முழுவதும் ஒரே தொகையைத் தருவது. அறுபது வயதில் 20,000 ரூபாய் என்றால், 6 சதவீத விலைவாசியில் எழுபத்திரண்டு வயதில் அதன் வாங்கும் திறன் பாதி. போதாததற்கு வரும் தொகைக்கு வரியும் உண்டு.

ஆனால் தொழில் செய்பவர்களுக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஃபண்டில் உள்ள பணம், கூலி கொடுக்க வேண்டிய வெள்ளிக்கிழமை அன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். என்.பி.எஸ். அப்படி அன்று. எளிதில் எடுக்க இயலாது என்பதே சிலருக்கு அதன் முதன்மையான நன்மை. நீங்கள் எத்தகையவர் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

அரியலூர்_ஓய்வாளர் எழுதியது:

சிமெண்ட் ஆலை ஒன்றிலிருந்து 2020 ஜனவரி இறுதியில் ஓய்வு பெற்றவன் நான். இங்கே எல்லோரும் சேர்ப்பதைப் பற்றிப் பேசுகிறீர்கள். எடுப்பதைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் சூலூர்த் தம்பிக்கு உண்மையான ஆபத்து அறுபது வயதை ஒட்டிய சில ஆண்டுகளில்தான் இருக்கிறது.

கையில் ஒரு கோடி இருப்பதாகவும், ஆண்டின் தொடக்கத்தில் 6 லட்சம் எடுப்பதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டுகளில் சந்தை முதலில் 30 சதவீதம் இறங்கி, பிறகு 15, அதன்பின் 30 சதவீதம் ஏறுகிறது. மூன்றாம் ஆண்டு முடிவில் மிஞ்சுவது 81.6 லட்சம். அதே மூன்று எண்களைத் திருப்பிப் போடுங்கள்: முதலில் 30 ஏற்றம், பிறகு 15, கடைசியில் 30 இறக்கம். மிஞ்சுவது 89.3 லட்சம். எதையும் எடுக்காமல் இருந்திருந்தால் இரண்டிலும் ஒரே தொகைதான், 1.05 கோடிக்குச் சற்றுக் குறைவு. சேர்க்கும் காலத்தில் வரிசை பெரிதாகப் படுத்துவதில்லை. எடுக்கும் காலத்தில் வரிசையே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. எந்த வரிசை வரும் என்பது நம் கையில் இல்லை.

எனக்கு வந்தது மோசமான வரிசை. ஓய்வு பெற்று இரண்டு மாதத்திற்குள் சந்தை சரிந்தது. நான் தப்பியதற்குக் காரணம், பணிக்கொடையையும் வைப்பு நிதியில் ஒரு பகுதியையும் கொண்டு அந்த மார்ச் மாதம் முடிவதற்குள் அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் அன்றைய உச்சவரம்பான 15 லட்சத்தைப் போட்டிருந்தேன். வட்டி 8.6 சதவீதம்; ஏப்ரலில் சேர்ந்தவர்களுக்கு அது 7.4. ஒருமுறை போட்டால் ஐந்தாண்டுக்கு அந்த வட்டி மாறாது என்பது அதன் அழகு. மீதிச் செலவுக்கு வங்கியில் வைப்புத்தொகை இருந்தது. ஆகவே பங்கு ஃபண்டுகளை மூன்று ஆண்டுகளுக்குத் தொடவே இல்லை.

இன்று அந்தத் திட்டத்தின் உச்சவரம்பு 30 லட்சம். கணவன், மனைவி இருவரும் அறுபதைக் கடந்தவர்கள் என்றால் ஆளுக்கு 30 லட்சம். தம்பி, உங்களுக்கு ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு வயதாகும்போது ஒவ்வோர் ஆண்டும் பங்கு ஃபண்டிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பாதுகாப்பான இடத்திற்கு மாற்றத் தொடங்குங்கள். ஓய்வு பெறும் நாளில் நான்கைந்து ஆண்டுச் செலவு சந்தைக்கு வெளியே இருக்க வேண்டும். ஒரே வங்கியில் எல்லாவற்றையும் போடாதீர்கள். வைப்புத்தொகைக் காப்பீடு ஒரு வங்கிக்கு 5 லட்சம் வரைதான். சந்தை நன்றாக இருக்கிறது, இன்னும் ஓராண்டு பார்க்கலாம் என்று ஐம்பத்தொன்பது வயதில் நினைக்கத் தோன்றும். என்னுடன் ஓய்வு பெற்றவர்களில் அப்படி நினைத்தவர்கள் உண்டு. அவர்களைப் பற்றி இங்கே எழுத விரும்பவில்லை.

இன்னொன்று, மனைவிக்கு எந்தக் கணக்கு எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். நாமினி பதிவு எல்லா ஃபண்டிலும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

சூலூர்க்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்று ஃபண்டுகளின் பெயரை எதிர்பார்த்து வந்தேன். வேறு வேலை நிறையக் கிடைத்திருக்கிறது. வீட்டில் மனைவியோடு பேசினேன். பதினொரு எஸ்.ஐ.பி.யையும் நிறுத்திவிட்டு, நிஃப்டி 50 குறியீட்டு ஃபண்டில் 9,000, ஃபிளெக்சி கேப் ஒன்றில் 6,000 என்று டைரக்டில் தொடங்குவதாக முடிவு. அடுத்த ஏப்ரலில் 1,500 உயர்த்துகிறேன். மிட் கேப் குறித்துப் பிறகு பார்த்துக்கொள்கிறேன்.

பழைய 14 லட்சத்தை டைரக்டிற்கு மாற்றினால் வரி வரும் என்று அலுவலக நண்பர் சொல்கிறார். ஒரே ஃபண்டுக்குள் ரெகுலரிலிருந்து டைரக்டிற்கு மாறுவதற்குமா?

தணிக்கையர் எழுதியது:

ஆம். அதே ஃபண்டாக இருந்தாலும், ரெகுலரிலிருந்து விற்று டைரக்டில் புதிதாக வாங்கியதாகவே கணக்கு. ஓராண்டிற்கு மேல் வைத்திருந்த பங்கு ஃபண்டின் ஆதாயத்திற்கு, 2024 ஜூலை 23 முதல், நிதியாண்டுக்கு 1.25 லட்சம் வரை வரி இல்லை. அதற்கு மேல் 12.5 சதவீதம். ஓராண்டிற்குள் விற்றால் 20 சதவீதம். பல ஃபண்டுகளில் வெளியேற்றக் கட்டணமும் உண்டு. இந்த 1.25 லட்சம் எல்லா ஃபண்டுகளுக்கும் பங்குகளுக்கும் சேர்த்து. ஒவ்வொரு ஃபண்டுக்கும் தனித்தனியாக அன்று.

உங்கள் ஆதாயம் 5 லட்சம். இப்போதே முழுவதையும் மாற்றினால் 3.75 லட்சத்திற்கு வரி, கூடுதல் தீர்வையோடு 48,750 ரூபாய். மார்ச் 31க்கு முன் கால் பங்கு, ஏப்ரலில் கால் பங்கு, அடுத்த இரண்டு ஏப்ரல்களில் ஒவ்வொரு கால் பங்கு என்று மாற்றினால், இன்றைய ஆதாயத்திற்கு வரியே வராது. காத்திருக்கும் பகுதிக்கு ரெகுலரின் கூடுதல் செலவாக முதல் ஆண்டில் 7,000, அடுத்த ஆண்டில் 3,500 ரூபாய் என்ற அளவில் போகும். மீதமுள்ளது அதற்குள் வளரும் என்பதால் கணக்கு இவ்வளவு கச்சிதமாக அமையாது. ஆயினும் காத்திருப்பதே இலாபம். எஸ்.ஐ.பி.யை நிறுத்துவதற்கு வரி கிடையாது. அதை இன்றே செய்யலாம்.

இ.எல்.எஸ்.எஸ். ஃபண்டுகளில் ஒவ்வொரு மாதத் தவணைக்கும் தனித்தனியாக மூன்று ஆண்டுப் பூட்டு உண்டு. ஆகவே பழைய தவணைகள் மட்டுமே இப்போது வெளியே வரும். புதிய வரி முறையில் இருக்கிறீர்கள் என்றால் இனி இ.எல்.எஸ்.எஸ். போட எந்தக் காரணமும் இல்லை. 80சி என்று அறியப்பட்ட வரிச் சேமிப்பு முதலீட்டுச் சலுகை பழைய வரி முறையில்தான். 2018 ஜனவரி 31க்கு முன் வாங்கிய யூனிட்டுகள் ஏதேனும் இருந்தால், பொதுவாக அன்றைய நிகர மதிப்பையே வாங்கிய விலையாகக் கொள்ளலாம், ஆதாயம் குறையும்.

வாங்கிய தேதிகள் எல்லாம் ஒரே இடத்தில் வேண்டும் என்றால், ஃபண்டு முதலீட்டாளர்களின் கணக்குகளைப் பராமரிக்கும், சென்னையில் உள்ள கேம்ஸ் நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் மின்னஞ்சலைக் கொடுத்து, எல்லா ஃபண்டுகளுக்குமான ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையைக் கேளுங்கள். தொடக்கம் முதலான விவரம் என்பதைத் தேர்ந்தெடுக்க மறக்க வேண்டாம். முதலில் வாங்கிய யூனிட்டே முதலில் விற்றதாகக் கொள்ளப்படும். அந்த உள்கட்டமைப்பு ஃபண்டு நட்டத்தில் இருந்தால் அதை இந்த மார்ச்சுக்குள்ளேயே விற்றுவிடுங்கள். அந்த நட்டத்தைக் கழித்துக்கொண்டு, கால் பங்கைவிடச் சற்றுக் கூடுதலாகவே இந்த ஆண்டு மாற்றலாம்.